பேஸ் கிதார் உதிரிப்பாகத் தொகுதி

பேஸ் கிதார் உதிரிப்பாகத் தொகுதி என்பது மின் பேஸ் கிதாரின் பாகங்கள் தனித்தனியாகவும், மரப்பாகங்கள் பெரும்பாலும் மெருகிடப்படாமலும் விற்கப்படும் தொகுப்பு ஆகும். வாங்குபவரே மரத்தைத் தேய்த்து, பூச்சிட்டு, பாகங்களை இணைத்துக் கருவியை முழுமையாக்குகிறார். பார்ப்பவர் கண்ணுக்குப் பூச்சே முதலில் தெரியும். எனினும் கருவி சுருதி பிசகாமல் ஒலிப்பது குதிரை அமையும் இடத்தைப் பெரிதும் சார்ந்துள்ளது.

வரலாறு

அமெரிக்கரான லியோ பெண்டர் 1951 இல் பிரிசிசன் பேஸ் என்னும் கருவியை அறிமுகப்படுத்தினார். மெட்டுகள் இல்லாத பெரிய டபுள் பேசில் சுரத்தானத்தை விரலே தேட வேண்டும். இதில் மெட்டுகள் அதனைத் துல்லியமாகக் காட்டின. பெயரின் பொருளும் துல்லியம் என்பதே. இதன் கழுத்து உடலுடன் ஒட்டப்படாமல் நான்கு திருகாணிகளால் இணைக்கப்பட்டது. இன்றைய தொகுதிகள் பலவும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

பாகங்கள்

 • உடல், கழுத்து, மெட்டுகள் பதித்த விரற்பலகை
 • குதிரை, முறுக்காணிகள், நான்கு தந்திகள்
 • தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்
 • ஒலியளவு, தொனிக் குமிழ்கள், இணைப்பு வடம் செருகும் துளை

குதிரையின் இடம்

வழக்கமான பேஸ் கிதாரில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மி.மீ. ஆகும். 12 ஆவது மெட்டு இதன் நடுவில் உள்ளது. அங்கு அழுத்தினால் மேல் சட்சமம் ஒலிக்கும். எனவே தலைப்பக்கத் தந்தித் தாங்கியிலிருந்து 12 ஆவது மெட்டு வரை 432 மி.மீ. இருப்பின், அம்மெட்டிலிருந்து குதிரையின் தாங்கு முனை வரையும் ஏறத்தாழ 432 மி.மீ. இருத்தல் வேண்டும். தடித்த தந்திகளுக்கு இந்நீளம் சில மி.மீ. கூடுதலாகத் தேவைப்படும். குதிரையின் நகரும் துண்டுகள் இதற்கு இடமளிக்கின்றன. ஆனால் அவற்றின் நகர்வு எல்லைக்குட்பட்டது. ஆதலால் துளையிடுமுன் கழுத்தைப் பொருத்தி அளந்து பார்த்தல் இன்றியமையாதது. துளைகள் முன்பே இடப்பட்டிருப்பினும் அளவைச் சரிபார்த்தல் நன்று. ஓரத் தந்திகளின் இடத்தில் நூல் கட்டிப் பார்த்தால், கழுத்து நேராக அமைந்துள்ளதா என்பதும் தெரியவரும்.

பூச்சு

இச்சோதனைக்குப் பின்னரே பூச்சுத் தொடங்கப்படுகிறது. பூச்சின் மேல் தவறான துளையை மறைப்பது கடினம். உப்புத்தாளால் 120, 180, 220 என்ற வரிசையில் இழை செல்லும் திசையில் தேய்ப்பர். கழுத்து அமரும் குழியில் பூச்சுப் படிந்தால் பொருத்தம் கெடும். ஆகவே அப்பகுதியை நாடாவால் மூடுவர். ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்துவோர் எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தலாகாது. அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். துணிகளை விரித்து உலர்த்த வேண்டும்.

மின்னிணைப்பும் சுருதி சேர்த்தலும்

குதிரையின் அடியிலிருந்து ஒரு கம்பி, குமிழின் உலோகக் கூட்டுடன் பற்றாசு வைத்து இணைக்கப்படுகிறது. இது விடுபட்டால் இரைச்சல் மிகும். நான்கு தந்திகளின் மொத்த இழுவிசை 70 கிலோகிராம் எடைக்கும் மேற்பட்டது. இதனால் கழுத்து வளைவதை அதனுள் இருக்கும் எஃகுத் தண்டைச் சிறிது சிறிதாகத் திருகிச் சீராக்குவர். இறுதியாக, 12 ஆவது மெட்டில் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒப்பிடப்படுகின்றன. அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால் குதிரைத் துண்டு பின்னோக்கியும், தாழ்ந்திருந்தால் முன்னோக்கியும் நகர்த்தப்படும். இரண்டும் ஒன்றானால் அத்தந்தியின் நீளம் சரியாக அமைந்துள்ளது எனக் கொள்ளலாம்.