மூன்றாவது ரைடின் கடன்

பொங்கலை ஒட்டி விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் கபடிப் போட்டி போஸ்டர்கள் முளைக்கும். மயிலம், ஒலக்கூர், விக்கிரவாண்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு மூலையிலும் விளக்குக் கட்டி, மைக்கில் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கோட்டோரத்துக் கூட்டத்தின் தீர்ப்பு எப்போதும் ஒரே மாதிரிதான். உள்ளே புகுந்து மாட்டிக்கொண்ட ரைடருக்கு “எதுக்குடா அவ்ளோ உள்ள போன?” என்று ஏச்சு விழும். யாரையும் தொடாமல், யாரிடமும் சிக்காமல் நடுக்கோட்டுக்குத் திரும்பியவரை ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. போனார், வந்தார், நஷ்டமில்லை என்று கணக்கை முடித்துவிடுவார்கள். அந்தக் கணக்கு தப்பு. வெறுங்கையோடு திரும்பும் ரைடுக்கும் விலை உண்டு. அது உடனே ஸ்கோர் போர்டில் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

விதிகளிலிருந்து தொடங்கலாம். ஆண்களுக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அணிக்கு ஏழு பேர், ஒரு ரைடுக்கு 30 நொடி. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அதைத் தாண்டாமல் திரும்பினால் ரைடரே அவுட். அதற்கு அப்பால் இன்னொரு மீட்டர் போனால் போனஸ் கோடு. ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு புள்ளி, எதிரணியில் ஒருவர் வெளியே, நம் பக்கம் வெளியே உட்கார்ந்திருப்பவரில் ஒருவர் உள்ளே. பிடிபட்டால் இத்தனையும் அப்படியே தலைகீழ். லாபமும் நஷ்டமும் கிட்டத்தட்ட ஒரே எடை என்பதால், பத்து முறை போனால் ஐந்துக்கு மேல் தேறி வருவார் என்று நம்பக்கூடிய ரைடர் துணிந்து போகலாம். எதிரே மூன்று பேரோ அதற்குக் குறைவோ நின்றால் கதை மாறுகிறது. அப்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஒன்றுக்கு ஆசைப்பட்டு இரண்டைப் பணயம் வைக்க, மூன்றில் இரண்டு முறையாவது தப்பி வரும் உறுதி வேண்டும். ஆனால் எதிரே ஒரே ஒருவர் மிச்சமிருந்தால், அவரைத் தொட்ட புள்ளியோடு ஆல் அவுட்டுக்கான இரண்டும் சேர்ந்து மூன்று கிடைக்கும். தராசு மறுபடி துணிச்சலின் பக்கம் சாயும். ஒரே ரைடர், அதே வேகம், அதே காலடி. எதிரே நிற்கும் தலைகளை எண்ணினால்தான் அவர் செய்வது துணிச்சலா அசட்டுத்தனமா என்று சொல்ல முடியும். கோட்டோரத்தில் கத்துகிறவர்கள் எண்ணுவதில்லை.

இப்போது அந்த ‘நஷ்டமில்லாத’ ரைடுக்கு வருவோம். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகு நாடு முழுக்கப் பரிச்சயமான விதி, டூ ஆர் டை. ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரைடுகளில் புள்ளி எடுக்காவிட்டால், மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ரைடர் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி. ஊர்த் திடல்களில் இதைச் சுருக்கமாக தேர்ட் ரைடு என்பார்கள். முதல் இரண்டு ரைடுகளில் எப்போது பாய்வது, எந்தப் பக்கம் போவது, பாய்வதா வேண்டாமா என்பதெல்லாம் ரைடர் கையில். மூன்றாவதில் அந்தச் சுதந்திரம் எதிரணிக்குப் போய்விடுகிறது. வருகிறவன் உள்ளே வந்தே தீருவான் என்று அவர்களுக்குத் தெரியும். கார்னரில் நிற்பவர் அவசரப்பட்டுக் கணுக்காலுக்குக் கை நீட்ட வேண்டியதில்லை. சங்கிலி கோத்து நிற்கும் கவர் வீரர்கள் ஒரு எட்டு பின்வாங்கி, ஆழத்தைக் காட்டி அழைப்பார்கள். இருபது நொடி கடந்ததும் ரைடரின் கண் கோட்டுக்கும் நடுவருக்குமாக அலையும். தொடாமல் திரும்பவும் முடியாது, இன்னும் ஒரு எட்டு வைத்தால் பின்னால் வழி அடைபடும். அந்த இடத்தில்தான் தொடையைக் கட்டிப் பிடிக்கும் தை ஹோல்டு விழுகிறது. அடகு நகையை மீட்காமல் தள்ளிப்போடுவது போல, முதல் இரண்டு ரைடுகளில் தவிர்த்த ஆபத்து மூன்றாவதில் வட்டியோடு வந்து நிற்கிறது.

இதன் உச்சத்தை 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் பார்த்தோம். இந்தியாவும் ஈரானும் 28-28 என்று சமநிலை. ஒரு நிமிடம் சொச்சம் பாக்கி. பவன் செராவத் டூ ஆர் டை ரைடுக்குப் போனார். இந்தியாவின் தலைசிறந்த ரைடர்களில் ஒருவரான அவரே, யாரையும் தொடாமல் போகக் கூடாத ஓரப்பட்டையான லாபிக்குள் தொடாமலே கால் வைத்துவிட்டார். துரத்திய ஈரான் வீரர்களும் லாபிக்குள் போனார்கள். யார் யார் அவுட் என்று பெரும் தகராறு எழுந்து ஆட்டமே நின்றது. கடைசியில் தீர்ப்பு நமக்குச் சாதகமாகி 33-29 என்று தங்கம் வந்தது. தங்கம் வந்ததால் அந்த ரைடைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கட்டாயத்தில் போன ரைடின் குணத்தைத்தான் காட்டுகிறது. தானே தேர்ந்தெடுத்த நேரத்தில் போயிருந்தால் அத்தகைய ஆட்டக்காரர் அந்த மூலையில் சிக்கியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

அதற்காக ஒவ்வொரு ரைடிலும் பாயச் சொல்லவில்லை. நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை ஆட்டத்தின் ஆகப் பெரிய நிதானக்காரரான அனூப் குமார் அழகாகக் காட்டினார். 2016இல் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற அணியின் கேப்டன் அவர். எதிரே ஆறு பேராவது நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்துப் புள்ளி எடுத்துத் திரும்புவது அவருடைய கைவந்த கலை. போனஸால் எதிரணியில் ஒருவரும் வெளியேறுவதில்லை, நம்மில் ஒருவரும் உள்ளே வருவதில்லை. ஆனால் தேர்ட் ரைடு கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. மறுமுனையில் பர்தீப் நர்வால். 2017இல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிராக ஒரே ரைடில் 8 புள்ளி எடுத்தவர். குனிந்து சங்கிலிக்கு அடியில் நழுவும் டுப்கியை நம்பி, சூழ்ந்துகொண்டவர்களுக்கு நடுவிலேயே போய் நின்றவர். இந்த இருவரில் யார் உசத்தி என்று கேட்பதைவிட, எதிரே எத்தனை பேர் நிற்கும்போது எவருடைய வித்தை எடுபடும் என்று கேட்பதே பயன்.

துணிச்சலா பத்திரமா என்ற இதே வழக்கு அமெரிக்கக் கால்பந்திலும் பல்லாண்டாக நடக்கிறது. அங்கே குவாட்டர்பேக் என்ற ஆட்டக்காரர்தான் பந்தைத் தன் அணிக்காரருக்குத் தொலைவில் எறிபவர். எதிரணி அதை நடுவில் பிடித்தால் பந்து கைமாறிவிடும். பிரெட் ஃபார்வ் அப்படி 336 முறை பந்தைப் பறிகொடுத்தார். அங்குள்ள தொழில்முறை லீக்கின் வரலாற்றில் அதுதான் அதிகம். அவருக்குப் பின் அதே கிரீன் பே அணிக்கு வந்த ஏரன் ராட்ஜர்ஸ் பறிகொடுத்தது அதில் பாதிக்கும் மிகக் குறைவு. இருவருமே 500க்கு மேற்பட்ட டச்டவுன் எறிந்தவர்கள். கிரீன் பே அணிக்கு இருவரும் வென்று தந்த சூப்பர் பவுல் கோப்பை ஆளுக்கு ஒன்று. பந்தைக் காப்பவனே ஜெயிப்பான் என்றோ, துணிந்தவனே ஜெயிப்பான் என்றோ இதிலிருந்து சட்டம் போட முடியாது. அங்கேயும் நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து போய்விடும். முதல் மூன்றில் சேர்த்துவைத்த பத்திரம் நான்காவதில் நெருக்கும்.

இதற்கு ஊர் அணிகளின் பதில் தயாராக இருக்கும்: எங்களிடம் நல்ல ரைடர் ஒரே ஒருவர்தான், அவர் வெளியே உட்கார்ந்தால் ஆட்டமே போச்சு, அவரைப் பொத்திப் பொத்தித்தானே ஆட வேண்டும்? நியாயமான பேச்சு. ஆனால் பொத்த வேண்டியது அந்த ஒருவரின் காலையா, அவருக்கு அடுத்த ஆள் இல்லாத குறையையா? 2022இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி ரூபாய் கொடுத்து பவன் செராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடிபட்டு சீசனே போயிற்று. அதுவும் அடிபட்டது ரைடு போனபோது அல்ல, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போனபோது. அந்த அணி, அதுவரை பெரும்பாலோர் பெயர் கேட்டிராத நரேந்தரை முன்னிறுத்தியது. அவர் முதல் சீசனிலேயே 243 ரைடு புள்ளிகள் எடுக்க, தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. ஒற்றை ரைடரை வைத்திருக்கும் அணி, வெறுங்கையோடு திரும்பும் இரண்டு எம்டி ரைடுக்குப் பிறகு அதே ஒருவரைத்தான் தேர்ட் ரைடுக்கும் அனுப்ப வேண்டியிருக்கிறது. அதாவது யாரைக் காப்பாற்ற நினைத்தார்களோ அவரையே மோசமான நேரத்தில் பலி கொடுக்கிறார்கள். தேர்ட் ரைடுக்கென்றே இரண்டாவது ஆள் ஒருவரைப் பழக்குவதுதான் முதல் ரைடருக்கான உண்மையான காப்பு.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. குவாட்டர்பேக் இழப்பது பந்தை. கபடி ரைடர் பணயம் வைப்பது உடம்பை. 2022 ஜூலையில் பக்கத்துக் கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் ரைடு போன இளைஞர் ஒருவர் ஆடுகளத்திலேயே இறந்துபோனார். மறுநாள் கூலி வேலைக்குப் போக வேண்டியவர்கள் ஆடும் ஆட்டம் இது. அப்படிப்பட்டவரிடம் போய் பத்துக்கு ஐந்து என்று கணக்குப் பேசுவது உறுத்தத்தான் செய்கிறது. இந்த ஆபத்தைக் கழித்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அதைக் குறைக்கும் பொறுப்பை ரைடரின் நிதானத்தின் தலையில் கட்டுவதும் சரியல்ல. கல் பொறுக்கிய திடலோ மேட் விரிப்போ வேண்டும், முதலுதவி தெரிந்தவர் வேண்டும், வண்டி தயாராக நிற்க வேண்டும், தலைசுற்றுகிறது என்று சொல்லும் வீரரை உட்காரவைக்கும் நடுவர் வேண்டும். இவை போட்டி நடத்துகிறவர்களின் வேலை. கோப்பைக்கும் போஸ்டருக்கும் செலவழிப்பவர்களுக்கு இது முடியாத காரியம் அல்ல. புள்ளிக் கணக்கு இவையெல்லாம் இருந்த பிறகுதான்.

போட்டியின் அமைப்பும் ரைடரின் முடிவை மாற்றும். புரோ கபடியில் 2024 வரை ஏழு புள்ளிக்குள் தோற்ற அணிக்கும் ஒரு லீக் புள்ளி கிடைத்தது. பத்து பின்தங்கிய அணி மேலும் சரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இருந்தது. விழுப்புரத்துத் திடலில் அந்த ஆறுதல் கிடையாது. நாக் அவுட்டில் ஒன்றில் தோற்றாலும் இருபதில் தோற்றாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அப்படியிருக்க, எட்டுப் புள்ளி பின்தங்கிய அணி முதல் பாதி முழுக்கப் பத்திரமாக ஆடிவிட்டுக் கடைசி மூன்று நிமிடத்தில் பாய்வதை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. பின்தங்கியவன் சீக்கிரம் துணிய வேண்டும். தவறினாலும் மீள நேரம் இருக்கும். ஸ்கோர் எழுதுகிறவர் எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளியோடு எம்டி ரைடுகளையும், அவற்றின் அடுத்த தேர்ட் ரைடு என்னவாயிற்று என்பதையும் ஒரு பத்தியில் குறித்துவந்தால் பத்து ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் தன் கணக்கு தெரிந்துவிடும்.

சும்மா திரும்பி வருவது சரியாக இருக்கும் வேளையும் உண்டு. இரண்டு புள்ளி முன்னிலை, கடைசி ரைடு நம்முடையது, எதிரே ஐந்து பேர்: பாக் லைனைத் தாண்டிவிட்டு முப்பது நொடியையும் நின்று கரைக்கலாம். அதுவே தேர்ட் ரைடாக இருந்தாலும் கவலையில்லை. வெறுங்கையோடு திரும்பினால் போவது ஒரு புள்ளிதான், ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் ஜெயம்.