மலையடிவாரத்துக் குடித்தனம்

திருவண்ணாமலைவாசிகளைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் பொறாமைப்படுவது வழக்கம். "உங்களுக்கென்ன ஸார், கண்ணை விழித்தால் மலை, கதவைத் திறந்தால் மலை!" என்பார்கள். அவர்கள் பௌர்ணமியன்று வந்து, பதினாலு கிலோ மீட்டர் கிரிப்பிரதட்சிணத்தை முடித்து, காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு மறுநாள் பஸ் ஏறிவிடுகிறவர்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் மலையைத் தரிசிப்பது ஒன்று, மலையடியில் குடித்தனம் நடத்துவது வேறொன்று. தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பெரியவர்கள் வீணாகவா சொன்னார்கள்?

முதலில் மலையின் பெருமையைச் சொல்லிவிடுவோம். கடல் மட்டத்துக்கு 2,600 அடிக்கு மேல் உயர்ந்து, சமவெளியில் தன்னந்தனியாக நிற்கிறது நம் அண்ணாமலை. கிழக்கே கோயில் பக்கமிருந்து பார்த்தால் ஒரே கூம்பாகத் தோன்றும். மேற்கே அடி அண்ணாமலையை நோக்கி நடக்க நடக்க, அதுவே பல சிகரங்களாகப் பிரிந்து வேறொரு மலையோ என்று மயங்கச் செய்யும். ஐப்பசி மாதத்தில் மேகம் உச்சியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்போது, வகுப்பில் பிள்ளைகளின் கண் கரும்பலகையில் நிற்பதில்லை. நாமும் அதைக் கண்டிப்பதில்லை.

ஆனால் பஞ்சபூத ஸ்தலங்களில் இது அக்கினி ஸ்தலமல்லவா? அந்தப் பெயரின் பொருள் சித்திரை, வைகாசியில் இங்கே இரவு தங்குகிறவர்களுக்கு நன்றாக விளங்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை, இருட்டிய பிறகு அதை மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. நடுநிசி வரையில் சுவரைத் தொட முடிவதில்லை. 1896-ஆம் வருஷம் இவ்வூருக்கு வந்து, 1950-இல் சித்தியடையும் வரையில் மலையை விட்டு அகலாத ரமண மகரிஷியே, விரூபாக்ஷ குகையில் வாசம் செய்த காலத்தில் கோடை வந்தால் முலைப்பால் தீர்த்தத்துக்கு அருகிலுள்ள மாமரத்துக் குகைக்கு ஜாகை மாற்றிக்கொண்டார். அங்கே நிழலும் இருந்தது, குடிக்க நீரும் இருந்தது. மலைமேல் வாசம் என்பது அன்றும் இன்றும் நீரைப் பற்றிய விஷயமே.

மழை பெய்யும்போது மலை என்ன செய்கிறது என்பதைச் சற்றுக் கவனிக்க வேண்டும். சரிவில் மரமும் புதரும் அடர்ந்திருந்தால், இலை மழையின் வேகத்தைத் தடுக்கிறது. வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. நீர் மெதுவாக உள்ளிறங்கி, மாதக் கணக்கில் சுனையாகவும் கிணற்று ஊற்றாகவும் கசிகிறது. மொட்டைப் பாறையாக இருந்தாலோ, பெய்த நீர் அத்தனையும் மண்ணை வாரிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிடும். அடுத்த வாரம் கிணற்றில் வாளி தரை தட்டும்.

நம் மலை வெகு காலம் அப்படித்தான் மொட்டையாக நின்றது. விறகுக்கு வெட்டினார்கள், ஆடு மாடு மேய்த்தார்கள், மிச்சத்தை நெருப்பு தின்றது. மலையில் மண்டும் எலுமிச்சம்புல் வாசனைக்குப் பெயர் போனதானாலும், மாசி, பங்குனியில் காய்ந்துவிட்டால் ஒரு பீடித்துண்டு போதும். 1988-இல் அண்ணாமலை மறுவனச் சங்கம் ஏற்பட்டது முதல், பல தொண்டர் குழுக்களும் வனத்துறையினரும் கன்று நட்டு, தீ பரவாதபடி புல்லைச் செதுக்கிக் கோடு போட்டு வருகிறார்கள். இரவில் மேலே சிவப்பு வரி தெரிந்தால், பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு ஓடி நெருப்பை அடிக்கிற இளைஞர்களுக்கு இந்த ஊர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறதென்று ஊருக்கே தெரியாது. இன்று சரிவில் மான் மேய்கிறது, மயில் அகவுகிறது என்றால் அவர்கள் கைங்கரியமே.

இனி, சொல்லக் கசப்பான விஷயத்துக்கு வருவோம். பௌர்ணமிக் கூட்டம் ஆயிரத்திலிருந்து லட்சமாயிற்று. மலை தெரிகிற ஜன்னல் வேண்டுமென்று வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் அன்பர்கள் வந்து மனை வாங்கினார்கள். விலை ஏறிற்று. கூலி வேலை செய்கிறவர்களும், பூக்கட்டி விற்கிறவர்களும், ஆட்டோ ஓட்டுகிறவர்களும் எங்கே போவார்கள்? பிழைப்பு கோயிலைச் சுற்றி. வாடகையோ கைக்கு எட்டாது. பாறையைக் கொத்திச் சமப்படுத்தி, மேலே மேலே வீடு கட்டிக்கொண்டார்கள். மின்சார இணைப்பு வந்தது, தெருவுக்குப் பெயரும் எண்ணும் வந்தன. மலை காலியிடமல்ல என்பதைச் சொல்ல வேண்டியவர்கள் அப்போது சொல்லவில்லை.

2024 டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முதல்நாள் இரவு புதுச்சேரிக்கு அருகில் கரையேறி, நம் ஜில்லாவில் விடாது பொழிந்துகொண்டிருந்தது. மாலையில் வ.உ.சி. நகருக்கு மேலே சரிவு பிளந்து, சேறும் பாறையுமாக ஒரு வீட்டின் மேல் இறங்கிற்று. உள்ளே இருந்தவர்கள் ஏழு பேர். அவர்களில் ஐவர் குழந்தைகள். சந்து குறுகல், பெரிய யந்திரங்கள் ஏற வழியில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் மழையிலேயே தோண்டினார்கள். ஒருவரையும் உயிருடன் எடுக்க முடியவில்லை. அந்த வாரம் ஊரில் எந்த வகுப்பிலும் வருகைப் பதிவைக் கூப்பிடும் ஆசிரியருக்குக் குரல் சரியாக இருந்திருக்காது.

பன்னிரண்டு நாட்களுக்குப் பின் கார்த்திகைத் தீபம். நிலவியல் நிபுணர்கள் ஏறிப் பார்த்து, மண் இளகியிருக்கிறதென்று எச்சரித்ததால், அவ்வாண்டு பக்தர்களை மலைமேல் விடவில்லை. தீபம் மட்டும் வழக்கம்போல் ஏற்றப்பட்டது. மலைச்சரிவு ஆக்கிரமிப்புகளைப் பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது.

2016-இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்துவதற்காகச் சாலையோர மரங்களை வெட்டியபோது, ஊர் திரண்டு ஆட்சேபித்தது. பசுமைத் தீர்ப்பாயமும் குறுக்கிட்டது. மெத்த சந்தோஷம். நடக்கிறவர்களுக்கு நிழல் வேண்டுமல்லவா? ஆனால் அதே மலையின் மேல் வரிசை வரிசையாக வீடு ஏறியதைக் கண்டு அவ்விதம் திரண்டவர்கள் இல்லை.

சரிவிலுள்ள வீடுகளை அகற்றத்தான் வேண்டும். அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பத்து மைலுக்கு அப்பால் ஒரு பொட்டலில் வீடு கட்டிக் கொடுத்து, சாவியைக் கையில் வைத்துவிட்டால் காரியம் முடிந்ததாகாது. விடியற்காலை நாலு மணிக்குப் பூ வாங்கப் போகிறவள் அங்கிருந்து எந்த பஸ்ஸில் வருவாள்? அவள் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள்? 2024-இல் நம் ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. நகரத்தின் எல்லைக்குள்ளேயே, சமதரையில், நடந்து போகும் தூரத்தில் அந்தக் குடும்பங்களுக்கு இடம் தேடுவது அதன் முதல் வேலையாயிருக்க வேண்டும். அதுவரையில், ஒவ்வொரு புரட்டாசியிலும் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் அடைந்துள்ள குப்பையையும் கட்டட இடிபாட்டையும் அள்ளியாவது வைக்கலாம். மழை ஐப்பசியில் வந்துவிடும்.