சந்திரகிரியிலிருந்து பழவேற்காட்டுக்கு

திருப்பதியில் விடுதியில் தங்கிப் படிக்கும் வெளிமாநில மாணவர்கள், விடுமுறை நாளில் நண்பர்களோடு பழவேற்காட்டுக்குப் போய்வருவதை வெறும் ஊர்சுற்றல் என்று பெற்றோர் நினைக்க வேண்டாம், அதுவும் படிப்புதான். சந்திரகிரியைத் தலைநகராக்கிய விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் காலத்தில்தான் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் காலூன்றினார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். சந்திரகிரி ராஜமகாலைப் பார்த்தவர்கள், பழவேற்காட்டிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளையும் பார்த்தால், மலையடிவாரத்து அரசும் கடல் வணிகமும் பிணைந்திருந்தது தானாகவே விளங்கும். பாடப்புத்தகத்தில் இவை தனித்தனி அத்தியாயங்கள். பழவேற்காட்டுத் தண்ணீர் ஆபத்தாயிற்றே என்ற பெற்றோரின் பயம் நியாயமானது: 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்காகப் பயணத்தையே தடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகளே, போய்வாருங்கள், ஆனால் படகில் மட்டும் ஏறாதீர்கள்.