முத்திரையும் முத்திரைப் பதிவும்

பாடசாலை விடுகைப் பத்திரமொன்றை எவரும் வாங்கிப் பார்க்கலாம், படியும் எடுக்கலாம். ஆனால், அதன்மீது பதிக்கும் அதிபரின் முத்திரையோ அலுமாரியிற் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். மஹய்யாவையிலுள்ள சிறு பாடசாலைக்கும் உரிய இவ்விதி, கணினி உலகின் டிஜிட்டல் சான்றிதழ்களுக்கும் அவ்வாறே பொருந்துவதாகும்.

நமது நாட்டில் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இலத்திரனியற் கையொப்பத்துக்கு அங்கீகாரம் அளித்தது. பின்னர் லங்காகிளியர் நிறுவனம் லங்காசைன் என்னும் பெயரில் டிஜிட்டல் சான்றிதழ்களை வழங்கத் தொடங்கியது. இச்சான்றிதழ் என்பது யாது? 'இப்பொதுத் திறவுகோல் இன்னாருக்கு உரியது' என வழங்குவோர் ஒப்பமிட்டுக் கூறும் ஒரு கோப்பே அது. அதன் அமைப்பை 1988இல் வெளிவந்த எக்ஸ்.509 என்னும் நியமம் வகுத்துரைக்கின்றது.

வழங்குவோரின் ஒப்பம் கோப்பிலுள்ள பைட்டுகளின்மீது கணிக்கப்படுவது. ஒரே செய்தியை இருவர் இருவிதமாக எழுதிவைத்தால் கணிப்புப் பிசகிவிடும். ஆகவே, ஒரு பொருளுக்கு ஒரே வடிவம் என விதிக்கும் டி.இ.ஆர். என்னும் இரும முறை கைக்கொள்ளப்படுகின்றது. எழுத்துத் திருத்தும் செயலியில் அதனைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அங்கேயே சேமித்தாற் கோப்புச் சிதைந்துவிடும். மின்னஞ்சலில் அனுப்புவதற்காக 3 பைட்டுகளை 4 எழுத்துகளாக மாற்றும் பி.ஈ.எம். என்னும் முறையும் உண்டு. அது வேறு உடையே; உள்ளிருப்பது அதே பொருள்.

பி.கே.சி.எஸ்.12 என்னும் இரும வடிவமோ முற்றிலும் வேறானது. அதன் கோப்புப் பெயர் பி12 அல்லது பி.எஃப்.எக்ஸ். என முடியும். சான்றிதழோடு, உரியவரின் இரகசியத் திறவுகோலையும் ஒரே பொதியிற் கட்டிக் கடவுச்சொல்லாற் பூட்டிவைப்பது அது. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு இவற்றை ஒருசேரக் கொண்டுசெல்லவே இவ்வேற்பாடு.

சான்றிதழை மட்டும் கேட்பவருக்கு இப்பொதியை அனுப்புதல், பத்திரத்துக்குப் பதிலாக முத்திரையையே கொடுப்பதற்கு ஒப்பாகும். கடவுச்சொல் இருக்கின்றதே எனத் தேறுதல் கொள்ளவும் இயலாது. பொதியைக் கைப்பற்றியவர் தம் கணினியில் வைத்து எண்ணற்ற தடவை சொற்களை மாற்றி மாற்றிப் பரீட்சித்துப் பார்க்கலாம், தடுப்பார் எவருமிலர். நாம் பின்னர் கடவுச்சொல்லை மாற்றினும் அவர் கையிலுள்ள படி மாறாது. அந்நிலையில், வழங்கிய நிறுவனத்துக்கு உடனே அறிவித்துச் சான்றிதழை இரத்துச் செய்விப்பதே வழி.

ஆதலின் நேயர்களே, கோப்பை அனுப்புமுன் அதன் பெயரின் ஈற்றை ஒருமுறை நோக்குங்கள். பதிவை எவர்க்கும் காட்டலாம். முத்திரை நம் கையிலேயே இருக்கட்டும்.