அசையாத கால்கள் மிதிக்கும் வண்டி

சாரத்தினின்று தவறி விழுந்த தொழிலாளி, கண்டெய்னர் லாரி மோதிச் சாய்ந்த இளைஞன் - மணலி, மாத்தூர், எண்ணூர்ப் பகுதிக் குடும்பங்களுக்கு இவை புதிய செய்திகள் அல்ல. உயிர் பிழைத்தாரே என்று மகிழும் வேளையில், "தண்டுவடம் அடிபட்டுவிட்டது, கால்கள் இயங்கா" என்று மருத்துவர் கூறும்போது குடும்பமே நிலைகுலைகின்றது. படுக்கையே இனி அவர் வாழ்வென்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு சரிதானா?

தண்டுவடம் அறுபட்டால் மூளையின் கட்டளை கால்களை எட்டுவதில்லை. ஆனால் காயத்திற்குக் கீழே தண்டுவடத்தினின்று தசைக்குச் செல்லும் நரம்புகள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. கட்டளையின்றி ஓய்ந்த தசைகளோ, முதற்சில வாரங்களிலேயே மெலியத் தொடங்குகின்றன. எலும்பும் சுண்ணாம்புச் சத்தை இழந்து நலிகின்றது. ஆகவே தொடக்க மாதங்கள் விலைமதிப்பற்றவை.

இந்நலிவைத் தடுக்கவே மின்தூண்டல் மிதிவண்டி அமைக்கப்பட்டது. நோயாளி சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பாதங்களை மிதிகட்டைகளில் பொருத்துவர். தொடையின் முன்னும் பின்னும், பிட்டத்திலும் மின்பட்டைகளை ஒட்டுவர். மிதிகட்டை சுழலும் நிலையறிந்து, எத்தசை எப்பொழுது சுருங்க வேண்டுமோ அத்தசைக்கு அப்பொழுது சிறு மின்துடிப்பைக் கணினி அனுப்பும். கால்கள் தம் தசை வலிமையாலேயே மிதிக்கும். 2016-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடந்த சைபத்லான் போட்டியில், கால் இயக்கம் இழந்தோர் இவ்வகை வண்டிகளில் பந்தயமே ஓடினர்!

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இது தசையைப் பேணும், இரத்த ஓட்டத்திற்குத் துணைபுரியும். அறுபட்ட தண்டுவடத்தை ஒட்டவைக்காது. "மின்சாரம் வைத்தால் நடந்துவிடுவார்" என்று கூறிப் பணம் பறிப்போரை நம்பி வீட்டையும் நகையையும் அடகு வைக்காதீர்கள். தண்டுவடத்தின் கீழ்நுனி சிதைந்தவர்க்கு இம்முறை பெரும்பாலும் பயன்படாது. கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவர்க்கு இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். உணர்ச்சியற்ற தோல் சுட்டாலும் தெரியாது. எனவே பயிற்சி பெற்றோர் மேற்பார்வையின்றி இதனைச் செய்தல் ஆகாது.

இவ்வியந்திரம் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. ஆயினும் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் படுக்கைப்புண்ணைத் தடுப்பதும், மருத்துவர் கற்பிக்கும் முறைப்படி மூட்டுகளை நாள்தோறும் அசைத்துவிடுவதும், சிறுநீர்ப் பராமரிப்பைக் கற்பதும் எவ்வீட்டிலும் இயலும். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இத்தகையோருக்கு வழிகாட்டுகின்றன.

வேலூர் என்றதும் மருத்துவர் மேரி வர்கீஸை நினைவுகூர்தல் தகும். 1954-இல் சாலை விபத்தில் அவருடைய தண்டுவடம் சிதைந்தது. கால்கள் மீளவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையைத் தலைமையேற்று வளர்த்தார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972-இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

ஆகவே பெற்றோரே, மனைவியரே, "என்று நடப்பார்?" என்னும் கேள்வியோடு, "என்று எழுந்து அமர்வார், என்று தொழில் செய்வார்?" என்றும் மருத்துவரைக் கேளுங்கள். முதல் மாதத்திலேயே கேளுங்கள். அவரைப் பின்னறையில் கிடத்தாமல், குடும்பம் கூடியமர்ந்து உண்ணும் இடத்திற்கு அழைத்து வாருங்கள்.