கடல் கடந்த தாதியும் கேள்விச் செல்வமும்

திருவள்ளுவர் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்துள்ளார். நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து மருந்தை ஊட்டுபவனையும் அவர் ஓர் உறுப்பாகவே எண்ணினார். உழைச்செல்வான் என்பது அவனுக்கு அவர் வழங்கிய பெயர். உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று தொண்டு செய்பவன் என்பது பொருள். இன்று நாம் தாதி என அழைக்கும் நங்கை அம்மரபின் வழிவந்தவளே.

இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் ஒவ்வோர் உறுப்புக்கும் நான்கு இயல்புகளை எடுத்தோதுகிறார். உழைச்செல்வானுக்கு அன்பு, தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை ஆகிய மூன்றும் இருந்தால் மட்டும் போதாது. அறிவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. நோயாளிக்கு அவர் கூறும் இயல்புகளுள் ஒன்று, தன் நோயின் நிலையைப் பிறர்க்கு உணர்த்துதல். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

தாதி தன் அறிவை எங்கிருந்து பெறுகிறாள்? பயிற்சிக் கல்லூரியிலிருந்து என்று விடை கூறிவிடலாம். ஆயின், ஒரு நாட்டிலே பயின்று மற்றொரு நாட்டிலே பணிபுரிபவளுக்கு அவ்விடை போதாது. என்னிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி தமிழ்நாட்டிலே தாதிப் பயிற்சி பெற்று, இப்பொழுது இங்கிலாந்தில் பணிபுரிகிறாள். அங்கு சென்ற புதிதில் தனக்கு நேர்ந்த இடர்ப்பாடுகளை அவள் எனக்கு விரிவாக எழுதியிருந்தாள்.

இரத்தத்திலுள்ள சர்க்கரையை இந்தியாவில் மில்லிகிராம் கணக்கிலே குறிக்கிறார்கள். இங்கிலாந்திலோ மில்லிமோல் கணக்கு. அங்கே 90 என்பது இங்கே 5. ஒன்றை மற்றொன்றாக மாற்றப் பதினெட்டால் பெருக்க வேண்டும், அல்லது வகுக்க வேண்டும். இதனை அறியாதவள் 5 என்ற எண்ணைக் கண்டால், நோயாளி உயிர்போகும் நிலையில் இருக்கிறார் என்று நடுங்குவாள். 20 என்ற எண் ஆபத்தை அறிவிக்கும்போதோ, சர்க்கரை மிகக் குறைந்துவிட்டதென மயங்கவும் கூடும். மருந்தின் பெயரும் இவ்வாறே கடலைத் தாண்டினால் மாறிவிடுகிறது. இங்கிலாந்திலும் நம் நாட்டிலும் பரசிற்றமோல் என்று வழங்குவது அமெரிக்காவில் அசெற்றமினோபென். அட்ரினலின் அங்கே எபிநெப்ரின். தமிழுக்குள்ளேயே இலங்கையர் குளிசை என்பதைத் தமிழ்நாட்டார் மாத்திரை என்கிறார்களே!

இத்தகைய ஐயங்களைத் தீர்க்க நூல்கள் இல்லாமல் இல்லை. பிரித்தானியாவில் மருந்துகளின் அளவையும் இயல்பையும் கூறும் தேசிய மருந்து நூல் 1949 முதல் வெளிவருகிறது. வைத்தியசாலை தோறும் எழுதிவைத்த விதிகள் உண்டு, கணினியும் உண்டு, மருந்தாளரும் உளர். ஆயினும் என் மாணவி எழுதியது இது: “நூல் எங்கே இருக்கிறது என்பதை ஒரே நாளில் அறிந்துகொண்டேன், ஐயா. யாரிடம் கேட்கலாம் என்பதை அறிய எனக்குப் பல மாதங்கள் சென்றன. கேட்டால், இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்று அஞ்சினேன்.”

இவ்வச்சமே பொல்லாதது. நள்ளிரவில் நோயாளியின் மூச்சுத் திணறும்போது ஏடுகளைப் புரட்ட நேரமில்லை. பக்கத்தில் நிற்கும் மூத்த தாதியை வினவுவதே வழி. வினவ நாணி ஊகத்தால் மருந்தின் அளவை முடிவு செய்தால், அதன் விலை ஓர் உயிராகவும் இருக்கலாம். வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்தார். அங்கே கேள்வி என்பது செவியால் பெறும் அறிவு. இன்றைய வழக்கில் அச்சொல் வினாவையும் குறிக்கிறது. வினவுதல் இன்றிச் செவிக்கு உணவு எங்ஙனம் கிடைக்கும்?

தாதித் தொழிலுக்குப் புத்துயிர் அளித்த புளோரன்ஸ் நைற்றிங்கேலும் அயல்நாட்டிலே பயின்றவரே. ஆங்கிலேயராகிய அவர் 1851இல் செருமனியிலுள்ள கைசர்சுவேர்த் என்னும் இடத்தில் பயிற்சி பெற்றார். 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிக்கூடம் அவர் பெயரால் அமைந்தது. தாதியர் தொழில்பற்றி அவர் எழுதிய குறிப்புகளில் வினவும் முறையையும் கற்பிக்கிறார். நோயாளி நன்றாக உறங்கினாரா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. எத்தனை மணி நேரம் உறங்கினார், எப்பொழுது உறங்கினார் என்று கேட்க வேண்டும் என்பது அவர் கூற்றின் சாரம்.

இனி நம் வாயிலுக்கு வருவோம். கொழும்பு–கண்டி வீதியிலுள்ள வரக்காப்பொலையைச் சூழ்ந்தும், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள் எங்கும் இறப்பர்த் தோட்டங்கள் பரந்துள்ளன. அங்கு உழைக்கும் தமிழ் மக்கள் நோயுற்றால் செல்லும் அரசாங்க வைத்தியசாலைகளில் பெரும்பாலான தாதியர்க்குச் சிங்களமே தாய்மொழி. அவர்கள் கடல் கடந்தவர்கள் அல்லர். அன்பில் குறைந்தவர்களும் அல்லர். ஆயினும் ஒரு கட்டிலுக்கும் மறு கட்டிலுக்கும் இடையே அவர்களும் ஒரு கடலைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

“நெஞ்சு கரிக்குது” என்று ஒரு தொழிலாளி சொன்னால் அது புளிப்பு ஏறிய எரிச்சல்; “நெஞ்சு வலிக்குது” என்றால் அஞ்சத்தக்க செய்தி. “மயக்கமா வருது” என்பது தலைச்சுற்றாகவும் இருக்கலாம். உணர்வு இழத்தலாகவும் இருக்கலாம். இவ்வேறுபாடு அகராதியில் அகப்படாது. பத்து வயதுப் பிள்ளை தன் தாயின் மகப்பேற்றுத் துன்பத்தை மொழிபெயர்த்துச் சொல்ல நிற்கும் காட்சி அந்தத் தாய்க்கும் தகாது. அந்தப் பிள்ளைக்கும் தகாது. நோய்நிலை உணர்த்துதல் நோயாளியின் கடமை என்றார் உரையாசிரியர். கேட்பவர்க்கு விளங்காதபோது அவர் எங்ஙனம் உணர்த்துவார்?

தமிழும் அரசகரும மொழி என 1987இல் அரசியலமைப்பிலே எழுதப்பட்டது. எழுத்து மட்டும் கட்டிலருகே வந்து பேசாது. இதற்கு வழிகாட்டியவர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். ஆங்கிலத்தில் கற்றவர்கள் அரசாங்கப் பதவி நாடிக் கிராமங்களை விட்டகல்வதைக் கண்டு, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். பிரசவ வைத்தியம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும்வரை அவர் அப்பணியைக் கைவிடவில்லை. வேற்று நாட்டிலே பயின்று வந்த ஒருவர், தம் மொழியை நோயாளர் கற்கவேண்டுமெனக் காத்திராமல், நோயாளரின் மொழியைத் தாம் கற்றார் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது.

அத்துணைப் பெருநூல்கள் இன்று வேண்டியதில்லை. தாதியின் சட்டைப்பையில் அடங்கும் சிறு கையேடு ஒன்று போதும். ஒரு பக்கம் தோட்டத்து மக்கள் வாய்ச்சொல். மறுபக்கம் அதன் பொருள் சிங்களத்தில். எங்கே வலிக்கிறது, எப்பொழுது தொடங்கியது, என்ன குளிசை விழுங்கினீர் என்னும் வினாக்களும் அதில் இருத்தல் வேண்டும். அச்சொற்களைத் திரட்டுதல் தமிழாசிரியரும் மாணவரும் செய்யக்கூடிய பணி. இலக்கண நூல்கள் வழூஉச்சொல் என ஒதுக்குவனவற்றையும் அத்திரட்டில் சேர்க்க வேண்டும். நோயாளி இலக்கணம் பார்த்துப் புலம்புவதில்லை. திரட்டிய பின் வைத்தியரும் தாதியரும் அதனைத் திருத்தித் தருவர். அடுத்த விடுமுறையில் ஒவ்வொரு மாணவனும் தன் தோட்டத்து முதியோரிடமிருந்து இருபது சொற்கள் எழுதி வரட்டும்.