தமிழ் விவிலியத்தில் சமயச் சட்டத்தைக் குறிக்கும் சொற்கள்

மோசேயின் சட்டம் தூயது என்று உரைக்கும் பவுல் (உரோமையர் 7:12), அச்சட்டத்தின் செயல்களாலன்றி நம்பிக்கையாலேயே மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராவர் என்றும் உரைக்கிறார் (3:28). கிறித்தவத்தில் சமயச் சட்டம் பெறும் இடம் பற்றிய நெடிய விவாதம் இவ்விரு கூற்றுகளைச் சுற்றியே அமைகிறது. இவ்விவாதம் தமிழ் வாசகரை எச்சொற்களின் வழியாகச் சென்றடைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தோராவும் நோமோசும்

எபிரேயத்தில் 'தோரா' என்பது போதனை, அறிவுறுத்தல் என்னும் பொருளது. கட்டளைகளை மட்டுமன்றி, அவை இடம்பெறும் ஐந்நூல்களையும் அது குறிக்கும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு அதனைப் பெரும்பாலும் 'நோமோஸ்' என்று பெயர்த்தது. வழக்கம், சட்டம் எனப் பொருள்படும் இச்சொல்லால் போதனை என்னும் பொருள் பின்தங்கி, விதி என்னும் பொருள் முன்வந்தது. பவுல் கையாண்டதும் இச்சொல்லே.

2. வேதமும் நியாயப்பிரமாணமும்

1871இல் நிறைவுற்ற ஐக்கியத் திருப்புதல், 1, 19, 119ஆம் சங்கீதங்களில் தோராவை 'வேதம்' என்று பெயர்க்கிறது. பவுலின் மடல்களிலோ மோசேயின் சட்டத்தைக் குறிக்கும் நோமோஸ் 'நியாயப்பிரமாணம்' ஆகிறது. சங்கீதக்காரர் மகிழ்ந்து தியானிக்கும் வேதமும், மனிதரை நீதிமானாக்க இயலாதது என்று பவுல் கூறும் நியாயப்பிரமாணமும் ஒன்றே என்பது இதனால் வாசகர்க்குப் புலனாவதில்லை. யூத சமயம் வெறும் விதிகளின் சமயம் என்னும் பிழையான எண்ணத்திற்கு இச்சொல்வேறுபாடு இடந்தருகிறது.

3. அடை நீங்கிய பிரமாணம்

கிரேக்கத்தில் ஒன்றாக நிற்கும் சொல்லை இத்திருப்புதல் பவுலின் மடலுக்குள்ளேயே இரண்டாக்குவதும் நோக்கத்தக்கது. உரோமையர் 7:22இல் 'நியாயப்பிரமாணம்' என்று வருவது, அடுத்த வசனத்தில் 'பாவப்பிரமாணம்' என்று வருகிறது. 3:27இல் 'விசுவாசப்பிரமாணம்' என்று வருகிறது. 'நியாய' என்னும் அடை நீக்கப்பட்டமையால், இவ்விடங்களில் மோசேயின் சட்டம் அன்றி ஒரு நியதி அல்லது ஆற்றலே சுட்டப்படுகிறது என்பது பெறப்படும். அறிஞர் பலர் கொள்ளும் பொருளும் இதுவே. எனினும், இங்கும் மோசேயின் சட்டமே பேசப்படுகிறது என்பாரும் உளர். கிரேக்கம் திறந்து வைத்த வினாவுக்குத் தமிழ் விடையளித்துவிடுகிறது. தெளிவு கிட்டுகிறது, ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் ஆண்டு பவுல் எழுப்பும் முரண்நயம் மறைகிறது.

4. திருச்சட்டம்

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம், முதல் திருப்பாடலிலும் மத்தேயு 5:17இலும் 'திருச்சட்டம்' என்றே வழங்குகிறது. அறுபட்ட தொடர்பு இதனால் மீள்கிறது. ஆயினும் 'சட்டம்' என்ற அளவில் இக்காலத் தமிழர் நினைவுக்கு வருவன அரசும் நீதிமன்றமுமே. 'திரு' என்னும் அடை புனிதத்தை உணர்த்துமேயன்றிப் போதனையை உணர்த்தாது.

ஆகவே, வேதம், பிரமாணம், சட்டம் ஆகியவற்றுள் எதுவும் தனித்து நின்று தோராவின் முழுப்பொருளைத் தாங்கவில்லை. இவ்விரு திருப்புதல்களையும் ஒப்பிட்டுப் பயில்வாரே, பவுல் விவாதிப்பது இசுரயேலர் போற்றிய அதே போதனையைப் பற்றியே என்பதைத் தெளிவர்.